அம்மாவின் ரத்தத்தில் அல்புமின் 21

சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் எங்கள் வீட்டுக் கேட்டுக்கு வெளியே யாராவது ஒருவர் மோட்டாரை நிறுத்திவிட்டு, நான்காக மடித்த தாளோடு நிற்பது சில ஆண்டுகளாக வழக்கமாகிவிட்டது. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், செம்பனைக் காடு முடிந்து தாமான் என்று நாங்கள் சொல்லும் வீடமைப்புப் பகுதி தொடங்கும் இடத்தில் எங்கள் வீடு இருக்கிறது. ஈப்போவில் ஒரு மருத்துவ ஆய்வுக்கூடத்தில் 26 ஆண்டுகள் ரத்தமும் சிறுநீரும் சோதித்துவிட்டு ஓய்வு பெற்றவள் நான் என்பது தோட்டத்திலும் தாமானிலும் எல்லாருக்கும் தெரியும். "அக்கா, இதுல என்ன போட்டிருக்குன்னு கொஞ்சம் பாருங்க" என்று தாளை நீட்டுவார்கள். சர்க்கரை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு, சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் ஏறியிருக்கிறதா என்று கேட்பார்கள். அதே தாளின் நடுவில் மொத்தப் புரதம், அல்புமின், குளோபுலின் என்று மூன்று வரிகள் இருக்கும். அவற்றைப் பற்றி யாரும் கேட்டதில்லை. கேட்காதவர்களைக் குறை சொல்லும் உரிமை எனக்கு இல்லை. என் அம்மாவின் தாளில் அல்புமினுக்கு நேராக 21 என்று அச்சாகியிருந்ததை என் கண்ணால் பார்த்தும், அது எதைச் சொல்கிறது என்று விசாரிக்காமல் ஏழு வாரங்களைப் போக்கினேன்.

அம்மா பதின்மூன்று வயதில் ரப்பர்த் தோட்டத்துக்குப் பால்மரம் வெட்டப் போனவர். ஐம்பத்தைந்து வயதில் வேலையை விட்டார். இனிப்புநீர், அதாவது சர்க்கரை நோய், வந்து பதினேழு ஆண்டுகள் ஆகியிருந்தன. அப்பா இருந்தவரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவரே அம்மாவை அரசாங்கக் கிளினிக்குக்கு மோட்டாரில் ஏற்றிக்கொண்டு போவார். அப்பா இறந்த பிறகு அம்மாவுக்கு அங்கே போக மனம் வரவில்லை. நான் மாத்திரையை மட்டும் தவறாமல் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். இனிப்புநீர் உள்ளவர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை செய்ய வேண்டிய சிறுநீர் அல்புமின் சோதனை இரண்டு ஆண்டுகளாக நடக்கவில்லை என்பது அப்போது என் மனதில் உறைக்கவேயில்லை.

முதலில் காட்டிக்கொடுத்தது ஜப்பான் சிலிப்பர்தான். ஒருநாள் வாசலில் அதைக் கழற்றிய அம்மாவின் பாதத்தில் பட்டையின் தடம் வாய்க்கால் வெட்டியதைப் போலப் பதிந்திருந்தது. முழங்காலுக்குக் கீழே, எலும்பின் மேல் பெருவிரலை வைத்து அழுத்திப் பார்த்தேன். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. இருபது எண்ணும் வரை அது மேலே எழும்பி வரவில்லை. காலையில் எழுந்ததும் கண்ணிமைகள் தடித்திருக்கும், பொழுது சாயச் சாய வீக்கம் காலுக்கு இறங்கும். அக்கம்பக்கத்தார் "நீர் கோத்திருக்கு, பார்லி தண்ணி கொடுங்க" என்றார்கள். டவுனில் ஒரு கிளினிக்கில் ரத்தம் எடுக்கச் செய்தேன். மொத்தப் புரதம் லிட்டருக்கு 52 கிராம், அல்புமின் 21, குளோபுலின் 31. அல்புமின் வழக்கமாக 35க்கும் 50க்கும் இடையில் இருக்க வேண்டும். கிரியேட்டினின் லிட்டருக்கு 78 மைக்ரோமோல், அதாவது வரம்புக்குள். "புரதச் சத்துக் குறைவு, நல்லாச் சாப்பிடச் சொல்லுங்க" என்பதோடு அங்கே பேச்சு முடிந்தது. கிரியேட்டினின் சரியாக இருக்கிறது என்ற ஒரே நிம்மதியில் நானும் அதை ஏற்றுக்கொண்டேன்.

அன்று முதல் அம்மாவுக்கு நாளுக்கு நான்கு முட்டையின் வெள்ளைக்கரு கொடுத்தோம். இரண்டு வேளைக்கும் நெத்திலிச் சம்பல் வைத்தோம். தெரிந்தவர் ஒருவர் விற்ற புரதமாவும் ஒரு டின் வந்தது. அம்மா முகம் சுளிக்காமல் எல்லாவற்றையும் சாப்பிட்டார். வீக்கம் முழங்காலைத் தாண்டியது.

அல்புமின் என்ற பெயரே முட்டையிலிருந்து வந்ததுதான். லத்தீனில் வெள்ளை என்று பொருள்படும் சொல் முட்டையின் வெள்ளைக்கருவுக்குப் பெயராகி, பிறகு சூடாக்கினால் அதைப் போலவே உறையும் ரத்தப் புரதத்துக்கும் நின்றது. லண்டனில் கைஸ் மருத்துவமனையில் இருந்த ரிச்சர்ட் பிரைட் என்ற மருத்துவர், உடல் வீங்கிய நோயாளிகளின் சிறுநீரை ஒரு கரண்டியில் ஊற்றி மெழுகுவத்தியின் மேல் காட்டுவார். முட்டையைப் போல அது வெள்ளையாகத் திரிந்தால், அந்த நோயாளி இறந்த பின் திறந்து பார்க்கும்போது சிறுநீரகம் கெட்டிருப்பதைக் கண்டார். 1827இல் அவர் அதை எழுதி வெளியிட்டார். நம்முடைய சித்த மருத்துவத்திலும் நீர்க்குறி பார்ப்பவர்கள் நிறம், மணம், நுரை, எடை, எஞ்சல் என்று ஐந்தைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். நுரை அந்த ஐந்தில் ஒன்று. இரண்டையும் நான் படித்திருந்தேன். ஆனால் எங்கள் வீட்டுக் குளியலறையில், தண்ணீர் ஊற்றிய பிறகும் அடங்காமல் பீங்கான் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த நுரையைக் கண்டும், சவர்க்கார நுரை என்று நினைத்துக் கழுவிவிட்டேன்.

ரத்தத்தில் புரதம் குறைந்திருக்கிறது என்றால் சாப்பாட்டில் புரதம் குறைந்திருக்கிறது என்று பொருள்கொள்வது, கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருந்தாலும், பெரும்பாலும் தவறு. இந்த வரியைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்ல எனக்கு இடமிருந்தால் அதைத்தான் சொல்வேன். அல்புமினைச் செய்வது கல்லீரல். நாளுக்குப் பத்திலிருந்து பதினைந்து கிராம் வரை செய்து ரத்தத்தில் விடுகிறது. செய்த அல்புமினில் பாதி குறைய ஏறத்தாழ இருபது நாள் ஆகும். ஆகவே ஒரு வாரம் சரியாகச் சாப்பிடாததால் அது 21க்கு விழுந்துவிடாது. விழுந்திருந்தால், கல்லீரல் அதைச் செய்யவில்லையா, செய்தது வழியில் ஒழுகிப் போகிறதா, உண்ட உணவு குடலில் சேராமல் வெளியேறுகிறதா, அல்லது உடலில் எங்கோ எரியும் அழற்சி அதைக் கீழே தள்ளுகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்க்க வேண்டும். எண் ஒன்றுதான். அது வந்து சேரும் பாதைகள் பல.

அம்மாவுக்கு அது ஒழுகிப் போய்க்கொண்டிருந்தது. நம்முடைய இரு சிறுநீரகங்களும் நாளுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீரை ரத்தத்திலிருந்து வடிகட்டி, ஒன்றரை லிட்டரைப் போல மட்டும் வெளியே விட்டு, மற்றதை மீண்டும் உள்ளே இழுத்துக்கொள்கின்றன. அந்த வடிகட்டி யூரியாவையும் கிரியேட்டினினையும் போன்ற சிறிய பொருள்களை விட்டுவிடும்; அல்புமினைப் போன்ற பெரிய புரதத்தை விடாது. நலமாக உள்ளவரின் சிறுநீரில் நாளுக்கு 30 மில்லிகிராம் அல்புமின்கூடப் போவதில்லை. இனிப்புநீர் ஆண்டுக்கணக்கில் அந்த வலையை அரித்துவிட்டால், முதலில் துளித்துளியாகவும் பிறகு கிராம் கணக்கிலும் அது கசியும். இங்கே கிரியேட்டினின் பலரை ஏமாற்றிவிடுகிறது. கழிவு வெளியே போகும் வழி இன்னும் அடைபடாததால் கிரியேட்டினின் ஏறாது. ஆனால் வைத்துக்கொள்ள வேண்டியது போய்க்கொண்டிருக்கும். தேயிலை வடிகட்டியின் வலை கிழிந்தால் தண்ணீர் நிற்காமல்தான் இறங்கும், தூளும் சேர்ந்து இறங்கும். அம்மாவின் தாளில் 78 என்று இருந்த கிரியேட்டினின் தண்ணீர் இறங்குவதைத்தான் சொன்னது.

ஏழாவது வாரம் அம்மாவை அரசாங்கக் கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். பதிவுக் கட்டணம் ஒரு வெள்ளி. அங்கிருந்த இளம் டாக்டர் அம்மாவின் காலை அழுத்திப் பார்த்துவிட்டு, ரத்தத்தைக் கேட்பதற்கு முன் சிறுநீரைக் கேட்டார். தாதி அதில் நனைத்தெடுத்த பட்டையில் புரதத்துக்குரிய சதுரம் மஞ்சளிலிருந்து கரும்பச்சைக்கு மாறியதை, அவர் தட்டில் வைத்துப் போன இடத்திலேயே நான் பார்த்தேன். மூன்று கூட்டல் குறி. அந்தப் பச்சையை வேலையில் எத்தனை ஆயிரம் முறை பார்த்திருப்பேனோ தெரியாது. அன்றைக்கு அதைப் பார்க்க முடியாமல் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பிறகு ஈப்போவில் சிறுநீரக மருத்துவர் 24 மணி நேரச் சிறுநீரைச் சேர்க்கச் சொன்னார். அதில் 6.2 கிராம் புரதம் போயிருந்தது. நாளுக்கு 3.5 கிராமைத் தாண்டி, ரத்தத்தில் அல்புமின் விழுந்து, உடலும் வீங்கி, கொழுப்பும் ஏறியிருந்தால் அதற்கு நெஃப்ரோட்டிக் நிலை என்று பெயர். கண்ணின் பின்திரையிலும் இனிப்புநீரின் தழும்பு இருந்ததால், காரணம் அதுவே என்று முடிவு செய்தார். நான் அவரிடம் ஒரு கேள்வி கேட்டேன்: கல்லீரல் நாளுக்குப் பன்னிரண்டு கிராம் செய்யும்போது ஆறு கிராம் போவதால் ஏன் இவ்வளவு விழ வேண்டும்? சிறுநீரில் காண்பது ஒழுகியதில் ஒரு பங்குதான் என்றார் அவர். வடிகட்டியைத் தாண்டிய அல்புமினில் ஒரு பகுதியைச் சிறுநீரகத்தின் நுண்குழாய்கள் பிடித்து அங்கேயே சிதைத்துவிடுகின்றன. அது சிறுநீரிலும் தெரியாது, ரத்தத்துக்கும் திரும்பாது. கல்லீரல் அதிகமாகச் செய்ய முயன்றாலும் ஈடுகட்ட முடிவதில்லை. அந்த முயற்சியில் கொழுப்பைச் சுமக்கும் புரதங்களும் கூடுதலாக உற்பத்தியாவதால்தான் கொலஸ்ட்ரால் ஏறுகிறது. அம்மாவின் கொலஸ்ட்ரால் எண்ணுக்கும் அவர் சாப்பிட்ட தேங்காய்க்கும் சம்பந்தமே இல்லாமல் போய்விட்டது.

நாங்கள் கொடுத்த முட்டை பற்றியும் கேட்டேன். ஒழுகும் தொட்டியில் நீர் ஊற்றுவதைப் போல, கூடுதலாகக் கொடுக்கும் புரதம் ரத்த அல்புமினை உயர்த்துவதில்லை. வடிகட்டியின் பளுவை உயர்த்துகிறது. நாள்பட்ட சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு எடையில் ஒரு கிலோவுக்கு நாளுக்கு 0.8 கிராம் அளவில் புரதம் போதும் என்பது பொதுவான வழிகாட்டல். அவரவருக்கு எவ்வளவு என்பதை உணவியல் நிபுணர் பார்த்துச் சொல்ல வேண்டும். நெத்திலி எனக்கு இன்னும் வலிக்கிறது. இந்த நிலையில் சிறுநீரகம் உப்பைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. வீக்கத்துக்கு அல்புமின் குறைவு ஒரு காரணம் என்றால் தங்கிவிடும் உப்பு மற்றொரு காரணம். புரதம் என்று நாங்கள் அம்மாவின் தட்டில் வைத்த நெத்திலியோடு உப்பும் நிறையப் போயிருக்கிறது.

அல்புமின் விழும் வேறொரு பாதையைச் சொல்ல, இனி கணையத்துக்கு வருகிறேன். அம்மாவின் கதை தாமானில் பரவிய பிறகு, அல்புமின் குறைந்தாலே சிறுநீரகம் போய்விட்டது என்று ஒரு பேச்சு கிளம்பிவிட்டது. அதுவும் தவறு. பின்தெருவில் ஒரு தம்பி, லாரி ஓட்டுபவர், முப்பத்து நான்கு வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு மேல்வயிற்றில் தொடங்கிய வலி முதுகுக்குத் துளைத்துக்கொண்டு போய், குனிந்து உட்கார்ந்தால் மட்டும் சற்றே தணிந்திருக்கிறது. மருத்துவமனையில் லைபேஸ் என்ற கணைய நொதி பல மடங்கு ஏறியிருந்தது. கணைய அழற்சி என்றார்கள். மூன்றாம் நாள் எடுத்த ரத்தத்தில் அல்புமின் 24. அவருடைய மனைவி அந்தத் தாளைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு வந்து, "அக்கா, அவருக்கும் கிட்னி போயிருச்சா?" என்று அழுதார். நான் முதலில் கேட்டது சிறுநீர்ச் சோதனையைத்தான். அதில் புரதம் இல்லை. அல்புமின் ஒழுகிப் போகவில்லை. கடுமையான அழற்சியில் ரத்தக் குழாய்களின் சுவர் தளர்ந்து அல்புமின் திசுக்களுக்குள் கசிகிறது; கல்லீரல் அல்புமினைக் குறைத்துக்கொண்டு அழற்சிக்கு வேண்டிய மற்றப் புரதங்களைச் செய்யத் தொடங்குகிறது; போதாததற்கு, டிரிப்பில் ஏற்றும் லிட்டர் கணக்கான நீர் ரத்தத்தை நீர்க்கச் செய்கிறது. அழற்சி அடங்கினால் எண்ணும் மெல்ல ஏறும். அவருக்கு அப்படித்தான் ஏறியது.

அந்தத் தம்பியின் ரத்தத்தைப் பார்த்த ஆய்வுக்கூடத்தில் என்ன கண்டிருப்பார்கள் என்பதை என்னால் பார்க்காமலே சொல்ல முடியும். ரத்தக் கொழுப்பில் ஒரு வகையான டிரைகிளிசரைடு லிட்டருக்கு 20 மில்லிமோலைத் தாண்டியிருந்தது. சுழற்பொறியிலிருந்து குழாயை எடுத்தால், கீழே சிவப்பு அடர்ந்து நிற்க, மேலே வைக்கோல் நிறத்தில் தெளிந்திருக்க வேண்டிய நீர் கெட்டித் தேங்காய்ப்பாலைப் போல இருக்கும். டிரைகிளிசரைடு 11ஐத் தாண்டினாலே கணையத்துக்கு ஆபத்து தொடங்குகிறது. பித்தக்கல்லும் மதுவும் மற்ற பெரிய காரணங்கள். தோட்டங்களில் சம்சு என்ற மலிவுச் சாராயம் எத்தனை வயிறுகளைக் கெடுத்தது என்பதை என் வயதுக்காரர்கள் அறிவார்கள். தேங்காய்ப்பாலைப் போன்ற அந்த ரத்தத்தில் இன்னொரு சிக்கல் உண்டு: கொழுப்பு மிகுதி, கணையத்தின் மற்றொரு நொதியான அமைலேஸின் சோதனையைக் குழப்பி, கணையம் எரிந்துகொண்டிருக்கும்போதே எண்ணைச் சாதாரணமாகக் காட்டிவிடக்கூடும்.

அமைலேஸும் லைபேஸும் கணையம் செரிமானத்துக்காகச் செய்யும் புரதங்கள்தான். கணையம் காயப்படும்போது அவை ரத்தத்தில் வழிகின்றன. மேல் வரம்பைப் போல மூன்று மடங்குக்கு ஏறியிருந்து, வலியும் அதற்கேற்றபடி இருந்தால் கணைய அழற்சி என்று கொள்வார்கள். இதில் நாள் கணக்கு முக்கியம். அமைலேஸ் சில மணி நேரத்திலேயே ஏறி, மூன்று முதல் ஐந்து நாளில் இறங்கிவிடும்; லைபேஸ் ஒரு வாரத்துக்கு மேலும் நிற்கும். வலியைப் பொறுத்துக்கொண்டு, கைமருந்து பார்த்து, ஐந்தாம் நாள் மருத்துவமனைக்குப் போகும் நம் வழக்கத்தில், சரியாக இருக்கும் அமைலேஸ் எண் ஒன்றையும் உறுதிப்படுத்தாது.

இந்த இரண்டு உறுப்புகளும் ஒரே எண்ணில் சந்திக்கும் இடம் எனக்கு எப்போதும் வியப்பைத் தரும். ரத்தத்தில் சேரும் அமைலேஸை அப்புறப்படுத்துவதில் சிறுநீரகத்துக்கும் பங்கு உண்டு. சிறுநீரகம் தளர்ந்தால், கணையம் முழு நலத்தோடு இருந்தாலும் அமைலேஸும் லைபேஸும் தேங்கி, வரம்பைப் போல இரண்டு மடங்கு, சிலருக்கு அதற்கு மேலும், காட்டும். வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்ளும் பெரியவர் ஒருவர், அமைலேஸ் 240 என்ற தாளைப் பார்த்துக் கணையத்தில் புற்றுநோய் என்று தாமே முடிவு செய்து, மகளின் திருமணத்தை முன்கூட்டி வைக்கச் சொல்லியிருந்தார். வயிற்றில் வலி இல்லை. பழைய தாள்களை எடுத்துவரச் சொன்னேன். ஓராண்டாகவே 220க்கும் 250க்கும் நடுவில் நின்றிருந்தது. அவருடைய டாக்டரிடம் மறுபடியும் கேட்டுவரச் சொன்னேன். சிறுநீரகம் காரணமாக ஏறிய எண் என்றே அவரும் சொன்னார். இன்சுலினோடு சேர்ந்து கணையம் விடும் சி-பெப்டைடு அளவும் இப்படித்தான், சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு உயர்ந்து காட்டும்.

நாள்பட்ட கணைய நோய் வேறு விதமாக அல்புமினைத் தின்னும். செரிமான நீர் சுரக்காததால் உணவின் கொழுப்பும் புரதமும் சேராமல் போகும். மலம் வெளிறி, எண்ணெய்ப் பசையோடு மிதக்கும், எடை இறங்கும், சிறுநீரில் நுரை இருக்காது. அவர்களுக்கு முட்டையைக் கூட்டுவது மட்டும் போதாது. சாப்பாட்டோடு விழுங்கும் நொதி மாத்திரை வேண்டும்.

ஆய்வுக்கூடத்திலிருந்து ஒன்றிரண்டு சொல்லிவிடுகிறேன். அல்புமினை அளக்க நாங்கள் பரவலாகப் பயன்படுத்தியது புரோமோகிரெசால் பச்சை என்ற சாயம். மஞ்சள் சாய்ந்த பச்சையாக இருக்கும் அந்தக் கரைசலில் ரத்தத் தெளிநீர் ஒரு சொட்டு விழுந்ததும், அல்புமின் சாயத்தைப் பற்றிக்கொண்டு நீலப்பச்சையாகத் திரும்பும். நிறத்தின் அடர்த்தியை இயந்திரம் எண்ணாக்கும். நலமுள்ளவரின் ரத்தத்துக்கு அது மயில் கழுத்தின் நிறத்துக்கு வரும். சில கூடங்களில் இதன் ஊதாச் சாயத்தைப் பயன்படுத்துவார்கள். பச்சைச் சாயம் மற்றப் புரதங்களையும் சற்றே பற்றுவதால், அல்புமின் மிகவும் குறைந்தவர்களுக்குச் சில கிராம் கூட்டியே காட்டும். எனவே ஒரு கூடத்தில் 26, மற்றொன்றில் 22 என்று வந்தால் நான்கு குறைந்துவிட்டது என்று பதற வேண்டாம். ஒரே இடத்தில் தொடர்ந்து சோதிப்பது நல்லது. கையில் ரப்பர் பட்டையை நெடுநேரம் இறுகக் கட்டி ரத்தம் எடுத்தாலும், வெகுநேரம் நின்றுகொண்டிருந்துவிட்டு உடனே எடுத்தாலும் புரதம் கூடித் தெரியும். டிரிப் ஏறும் கையிலிருந்தே எடுத்தால் குறைந்து தெரியும். வெயிலில் வேலை செய்து, தண்ணீர் குடிக்காமல் வருபவரின் அல்புமின் 52 என்று வந்தால் அது பெரும்பாலும் நீர் வற்றியதன் அடையாளம்தான்.

கால்சியத்தைப் பற்றியும் ஒரு சொல். ரத்தக் கால்சியத்தில் ஏறத்தாழ பாதி புரதத்தில், பெரும்பாலும் அல்புமினில், ஒட்டிக்கொண்டு திரிகிறது. அம்மாவுக்குக் கால்சியம் லிட்டருக்கு 2.0 மில்லிமோல் என்று குறைந்து வந்தபோது, கால்சியம் மாத்திரை வாங்கலாமா என்று தங்கை கேட்டாள். 40க்குக் கீழே குறையும் ஒவ்வொரு கிராம் அல்புமினுக்கும் 0.02 கூட்டிப் பார்ப்பது வழக்கம். அம்மாவின் 21க்கு 0.38 கூட்டினால் 2.38; அது சரியான அளவுதான். சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு இந்தக் கணக்கை முழுவதும் நம்பாமல், புரதத்தில் ஒட்டாமல் திரியும் அயனிக் கால்சியத்தையே அளந்து பார்ப்பார்கள். மாத்திரை வாங்கவில்லை.

இவ்வளவும் எழுதுவதற்கு இன்னொரு காரணம் உண்டு. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருப்பது தெரியவந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் மிக அதிகம். எங்கள் தாமானில் டயாலிசிஸுக்குப் போகும் வேன் அதிகாலையில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று ஆள் ஏற்றுவதைப் பார்க்கிறேன். அந்த வேனில் ஏறுபவர்களில் பலருக்கு, கிரியேட்டினின் ஏறுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே சிறுநீரில் அல்புமின் கசிந்திருக்கும். காலையில் முதலில் கழிக்கும் சிறுநீரில் கொஞ்சம் எடுத்து, அதிலுள்ள அல்புமினையும் கிரியேட்டினினையும் ஒப்பிட்டுப் பார்க்கும் எளிய சோதனை அதைச் சொல்லிவிடும். ஒரு மில்லிமோல் கிரியேட்டினினுக்கு அல்புமின் 3 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் நல்லது. 3க்கும் 30க்கும் இடையில் இருந்தால் கசிவு தொடங்கிவிட்டது, அப்போது கொடுக்கும் மருந்துக்கு நல்ல பலன் உண்டு. காய்ச்சலோ சிறுநீர்த் தொற்றோ இருக்கும்போது எடுத்த ஒரே சோதனையை வைத்து முடிவு செய்யாமல், சில வார இடைவெளியில் மறுபடியும் பார்த்து உறுதி செய்வார்கள்.

அம்மாவுக்கு ரத்த அழுத்தத்தைக் குறைத்துக் கசிவையும் அடக்கும் மருந்தும், நீர் இறக்கும் மாத்திரையும் தொடங்கினார்கள். பிறகு சிறுநீரகத்தையும் காக்கும் புதிய வகை இனிப்புநீர் மாத்திரை ஒன்று சேர்ந்தது. சமையலில் உப்பைப் பாதியாக்கினோம். முதல் மாதம் அல்புமின் 22; அந்த ஒரு கிராம் என்னை ஏமாற்றிவிடக் கூடாது என்று நான் எண்ணிக்கொண்டேன். ஐந்தாம் மாதம் 27. பதினான்காம் மாதம் 32. சிறுநீரில் போகும் புரதம் ஒன்றரை கிராமுக்கு இறங்கியிருக்கிறது. கிரியேட்டினின் இதற்கிடையில் 78லிருந்து 104க்கு ஏறியிருக்கிறது. மருந்து தொடங்கியதும் சற்று ஏறுவது எதிர்பார்த்ததுதான் என்றும், அங்கேயே நிற்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றும் டாக்டர் சொல்லியிருக்கிறார். போன வலை முழுவதும் திரும்பாது என்பதையும் அவர் மறைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மறுபடியும் ரத்தம் கொடுக்க வேண்டும். சிறுநீர்க் குப்பியில் பெயரும் அடையாள அட்டை எண்ணும் எழுதி, குளியலறைத் தட்டில் வைத்திருக்கிறேன். அம்மா தினமும் காலையில் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, பெருவிரலால் தம் காலை அழுத்திவிட்டு வாய்க்குள் எண்ணுகிறார். இன்றைக்கு நான்கு வரை எண்ணினார்.